மொக்கம்மாள் அடித்த வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது, அவ்வளவுதான். பழனிசெட்டிபட்டியில் போர் தண்ணீரை நம்பிக் குடியிருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய இழவு கிடையாது. தேனியில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். "மார்க்கையன்கோட்டையில ஒரு அம்மா எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டுது சார். ரெண்டே நாள்ல குடுத்துரும். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் பிளம்பர். வீட்டில் கிடந்த பழைய தாள்களில் மோட்டாரைச் சுற்றி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன்.

'மொக்கம்மாள் மோட்டார் ரீவைண்டிங் ஒர்க்ஸ்' என்று பலகை. உள்ளே நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து காப்பர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். மோட்டாரை இறக்கிவைக்கும் முன்பே என் கண் அவளுடைய இடது காலுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டியில் ஒரு பூட்டு, கீழே கனத்த பூட்ஸ். கேலிப்பர் என்பார்கள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"மோட்டாரு ஒங்க கையில இருக்கு சார். எங்காலுல இல்ல" என்றாள்.

பிளம்பர் சொன்னது உண்மைதான்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது மோட்டார் தயாராக இருந்தது. அதைச் சுற்றியிருந்த தாள்களையும் அவள் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். அவை என்னுடைய பழைய நாவல் ஒன்றின் கையெழுத்துப் படி. "நீங்க கத எழுதுறவுகளா? பூராத்தையும் படிச்சேன். ஏன் சார், இதுல எல்லாரும் எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்காக?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். "உன்னைப் பற்றி எழுதினால் அழ மாட்டார்கள்" என்றேன். "எழுதுங்க. ஆனா எங்கிட்டக் காமிச்சிட்டுத்தான் எழுதணும்" என்றாள். மோட்டார் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் இன்னும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

2

நான் எழுதிக்கொண்டு போன முதல் தொடக்கம் இது:

"சூம்பிப்போன அந்தக் காலைப் போலவே அவள் வாழ்வும் —"

[அடிக்கப்பட்டது. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கையோடு தாளை வாங்கிய மொக்கம்மாள், "வாழ்வு எங்க சார் சூம்பிச்சு? இந்தப் பக்கத்து வாழத்தோட்டம் பாதிக்கு நான் கட்டுன காயில்லதான் தண்ணி பாயுது" என்றாள். இப்போதும் அந்தத் தாளில் ஒரு பெருவிரல் அச்சு இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்:

"தன்னம்பிக்கையின் மறுபெயர் மொக்கம்மாள். கால் இல்லாவிட்டால் என்ன, அவளிடம் —"

[அடிக்கப்பட்டது. "கால் இல்லன்னு ஆரு சொன்னா? இந்தா இருக்குல்ல! கொசு கடிச்சா ஒங்களுக்கு மாதிரியே எனக்கும் தெரியும். ஒதறத்தான் முடியாது." எனக்கு இது புதுச் செய்தி. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். சரிதான். இந்த நோய் தசையை அசைக்கிற நரம்பைத்தான் சாகடிக்கிறது, தொடு உணர்வைத் தொடுவதில்லை. போலியோ வந்த கால் என்றால் மரத்துப்போன கால் என்று ஐம்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.]

மூன்றாவது தொடக்கத்தை அலுத்துப்போய்த்தான் எழுதினேன்:

"போலியோ என்பது ஒரு தொற்றுநோய்."

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். "இது சரி. இதுல இருந்து ஆரம்பிங்க."

"பாடப்புத்தகம் மாதிரி இருக்கேம்மா."

"இருக்கட்டுமே! இந்த ஒத்த வரி நாப்பத்திநாலு வருசமா எங்க வீட்டுக்குள்ள ஏற மாட்டேங்குது சார். இப்ப ஒரு பச்சப்பிள்ள அதுல மாட்டிக்கிட்டு நிக்கிது."

ஆக, இதுதான் கதையின் முதல் வரி. இதற்கு முன்னால் நீங்கள் படித்ததை எல்லாம் வாசலில் செருப்பு விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

போலியோ என்பது ஒரு தொற்றுநோய்.

மொக்கம்மாளுக்கு அது வந்தபோது இரண்டு வயது. அவளுக்கு அந்த நாள் ஞாபகமில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும், பிறர் சொன்னதெல்லாம் ஒரே கதைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. சின்னமனூரில் ஞானசிகாமணி என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இடது இடுப்பில் ஒரு ஊசி போட்டார். மறுநாள் காலையில் இடது கால் துணி மாதிரித் தொங்கியது.

இடது பக்கம் ஊசி, இடது பக்கம் கால். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவளுடைய அப்பாவும் சித்தப்பாமார்களும் போய் ஞானசிகாமணியின் பெஞ்சையும் கண்ணாடி அலமாரியையும் அடித்து நொறுக்கினார்கள். அவர் ராவோடு ராவாகப் போடிப் பக்கம் போனவர், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம்: ஊசி கூடாது.

அந்தச் சட்டத்தைக் கட்டிக் காப்பது அவளுடைய அண்ணன் பால்பாண்டி. அவளைவிட ஐந்து வயது மூத்தவர். அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். யாராவது 'நொண்டி' என்று சொல்லிவிட்டால் சொன்னவன் மூக்கில் ரத்தம் வராமல் வீடு திரும்ப மாட்டார். மொக்கம்மாளுக்கு அண்ணன் என்றால் உயிர். கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் ஊசி என்ற சொல்லைக் கேட்டால் அந்த மனிதர் வேறு ஆள். தேள் கொட்டியபோதுகூட வேண்டாம் என்றுவிட்டார். மகன் அருண்பாண்டிக்கு ஒரு ஊசிகூடப் போடாமல் வளர்த்தார். "போட்டேனா? பாரு, எம்புட்டுத் திடமா இருக்கான்!" என்று அவனை நிறுத்திக் காட்டுவார். அவன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

[இங்கே ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊசி முழு நிரபராதி இல்லை. போலியோக் கிருமி உடம்புக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சதையில் எந்த ஊசி போட்டாலும், அந்தப் பக்கம் வாதம் தாக்கும் அபாயம் கூடும் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஞானசிகாமணிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. இதை எழுதினால் கதைக்கே வேட்டு வைத்துவிடுமோ என்று பயந்து விட்டுவிடலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். இத மறைச்சா, மத்ததையும் பொய்யிம்பாக" என்றாள்.]

4

பச்சப்பிள்ளை என்றாளே, அது அருண்பாண்டியின் மகள். மூன்றரை மாதம். இன்னும் பேர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆறாவது வாரத்தில் போட வேண்டிய ஊசியும் போடவில்லை, பத்தாவது வாரத்து ஊசியும் போடவில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் பால்பாண்டி தலையாட்டிவிட்டார். "வாயில விடுறத விட்டுட்டுப் போங்க. பிள்ள மேல ஊசி படக் கூடாது." கிராம சுகாதார நர்ஸ் மகிமா மூன்று புதன்கிழமை வாசல்வரை வந்து திரும்பிப் போனாள். வரும் புதன் நாலாவது.

[மகிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் நான் இவளை ஞானசிகாமணியின் பேத்தியாக ஆக்கியிருந்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அடித்து விரட்டப்பட்டவரின் பேத்தி அதே வீட்டு வாசலில் ஊசியோடு நிற்கிறாள்! மொக்கம்மாள் ஒரே கோடாக அடித்துவிட்டாள். "அந்தப் பொண்ணு உத்தமபாளையம் சார். அவுக அப்பா பஸ் டிரைவரு. அதுபாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கு." இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு நானே அடித்தேன்.]

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிஷா கடைக்கு வந்தாள். அருண்பாண்டியின் மனைவி, பெரியகுளத்துப் பெண், பி.காம். படித்தவள்.

"நர்சம்மா வந்து சொல்லிட்டுப் போறாக, சின்னம்மா. தொடையில போடுற ஊசி அஞ்சு நோய்க்காம். போலியோ ஊசி வேறயாம், அதக் கையிலதான் போடுவாகளாம். ராத்திரி லேசாக் காச்சல் வந்தா குடுக்கச் சொல்லி, செவப்பு மூடி போட்ட சின்ன மருந்து பாட்டில் தருவாகளாம். எல்லாம் வெளங்குது. ஆனா மாமா விடமாட்டேங்கிறாக. இவருக்குப் போன் போட்டா, அப்பா சொல்றபடி செய்யின்னுட்டு வச்சிடுறாரு."

"ஒனக்கு என்ன தோணுது? அதச் சொல்லு."

திரிஷா பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இப்பத்தான் ஊர்ல போலியோவே இல்லையாமே சின்னம்மா. அப்பறம் எதுக்குன்னு தோணுது."

"வீட்டுல ஃபியூசு போயி பத்து வருசமாச்சுன்னு வய்யி. ஃபியூசக் கழட்டித் தூரப் போட்டுருவியா? வெளிநாட்டுல இன்னும் இருக்குத்தா. பிளேன்ல ஏறி வர அதுக்கு டிக்கெட்டு வேணாம்."

திரிஷா சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கோவிச்சுக்கிறாதீக சின்னம்மா. ஒங்களப் பாத்தாத்தான் எனக்கு ஊசின்னாப் பயமா இருக்கு."

அவள் போன பிறகு மொக்கம்மாளுக்கு வேலை ஓடவில்லை. கம்பியைச் சுற்றினாள், எண்ணிக்கை தவறியது, பிரித்தாள். காலைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியதைத் தாங்கியவள் அவள். சொட்டு மருந்து முகாமுக்கு வந்து சும்மா உட்காருங்கள், உங்கள் காலைப் பார்த்தால் சனம் பயந்துகொண்டு பிள்ளைகளைத் தூக்கி வரும் என்று ஒருவர் கூப்பிட்டபோது, "எங்காலு என்ன பூச்சாண்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள். இப்போது அதே கால், மூன்றரை மாதப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவும் அவளைக் கேட்காமலே! அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது சிவக்கிற கோபம்.

5

காலைக் கெடுத்தது கிருமிதான் என்று மொக்கம்மாளுக்கு மட்டும் எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

பதினைந்து வருடத்துக்கு முன் புது கேலிப்பருக்கு அளவு எடுக்கத் தேனிக்குப் போயிருந்தாள். அளவெடுத்த டாக்டரிடம், "எங்காலுல உள்ளுக்குள்ள என்னதான் சார் ரிப்பேரு?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் கேட்காத கேள்வி என்பதால் அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாராம். கிருமி வாய் வழியாகப் போகும். குடலில் பெருகும். மலத்தோடு வெளியே வரும், தண்ணீரிலும் கையிலும் ஒட்டி அடுத்த வாய்க்குப் போகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்குச் சும்மா காய்ச்சல். இருநூறு பேரில் ஒருவருக்கு அது முதுகுத் தண்டுவரை ஏறி, தசைக்குப் போகிற நரம்பை அழித்துவிடும்.

"அப்பவே வெளங்கிருச்சு சார். மோட்டாரு நல்ல மோட்டாருதான், ஸ்டார்ட்டர்ல இருந்து வர்ற வயரு எரிஞ்சுபோச்சு. சுத்தச் சொன்னா எப்பிடிச் சுத்தும்?"

கதை இங்கே நின்றிருந்தால் அறிவியல் கட்டுரை. ஆனால் அவள் வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் இன்னொன்றையும் யோசித்திருக்கிறாள். வாய் வழியாக என்றால், எந்தத் தண்ணீர்?

ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்து, அது மார்க்கையன்கோட்டை வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளை அவள் தெருவில் புதுத்தண்ணி என்பார்கள். பூவும் நெல்லும் தூவுவார்கள். பிள்ளைகளைத் தூக்கி வந்து, வருகிற முதல் தண்ணீரில் ஒரு கை அள்ளி வாயில் விடுவார்கள். அந்த வருடம் முழுக்கப் பிள்ளைக்கு நோய் அண்டாது என்று நம்பிக்கை. [முரண் வேண்டும் என்பதற்காக நான் இட்டுக்கட்டியதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.] அதற்கு முந்தைய மூன்று மாதமும் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கோடையில் காய்ந்த வாய்க்கால்தான் அந்தக் காலத்தில் தெருவுக்கே கக்கூஸ். புதுத்தண்ணி அத்தனையையும் கழுவிக்கொண்டுதான் வந்தது, அத்தனை பிள்ளைகளின் வாய்க்கும்.

மொக்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது புதுத்தண்ணி வந்த பன்னிரண்டாம் நாள். இதை அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். ஆனால் அவளைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. அவளுடைய அண்ணன், வயலும் வாழையும் வைத்திருக்கிற சம்சாரி, தண்ணீருக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர், புதுத்தண்ணி நாளில் மட்டும் வாய்க்கால் பக்கம் போவதே இல்லை. ஆளை அனுப்புவார். வயிற்று வலி என்பார். ஒரு வருடம்கூடப் போனதில்லை.

கால் போனது ஊசியால்தான் என்று நம்புகிறவர் எதற்காகத் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

பதினைந்து வருடமாக அவள் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அண்ணன் உடைந்துபோவார் என்று தெரியும். அண்ணனுக்காக ஒரு பொய்யைச் சுமப்பது அவளுக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. திரிஷா வந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகும்வரை.

6

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நான் அங்கே இல்லை. இந்தப் பகுதியில் வரும் பேச்சு முழுவதும் அவள் சொன்னது. நான் அழகுபடுத்தவில்லை. படுத்தினால் உதை விழும்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரைத் தோட்டத்துப் பாதையில் நிறுத்திவிட்டு, முட்டிப் பூட்டைப் போட்டுக்கொண்டு, வரப்பில் கக்கத்துக் கட்டையை ஊன்றி நடந்தாள். பால்பாண்டி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏ மொக்க! வரப்புல எதுக்குத்தா வந்த? ஒரு சத்தம் குடுத்தா நான் வரமாட்டேனா?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். போன வாரம் புதுத்தண்ணி வந்துச்சே, நீ ஏன் போகல?"

"வயிறு சரியில்ல."

"நாப்பத்திநாலு வருசமாவா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடியில் பீடியைத் தேடினார்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஊசி போடணும்ணே."

"அதப் பேசாத. வேற என்னவும் பேசு. ஒரு பிள்ள கால வாங்குனது போதும்."

"ஊசி வாங்கல. ஒனக்கும் தெரியும். தெரிஞ்சுதான நீ வாய்க்காப் பக்கம் போறதில்ல?"

பற்றவைத்த பீடியை அவர் இழுக்கவே இல்லை. வாழை இலையில் காற்று சலசலத்தது. [இந்த வரி என்னுடையது. அவள் விட்டுவைத்த ஒரே வரி.] பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாந்தான குடுத்தேன். நீ அழுத. எல்லாரும் அவுகவுக பிள்ளைக்கு அள்ளிக் குடுத்தாக. ஆத்தா பூப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நானே ஒன்னையத் தூக்கி, எங்கையால ஒரு வாய்…" பீடியை மண்ணில் நசுக்கினார். "பிச்சமுத்து வாத்தியாரு ஒருநா வகுப்புல சொன்னாரு, இது தண்ணியில வர்ற நோயின்னு. எட்டாப்பு படிக்கையில. அன்னையோட நான் பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டேன். ஊசின்னே இருந்துட்டுப் போகட்டும். ஊசின்னா அந்தக் கம்பவுண்டரு மேல போகும். தண்ணின்னா எம்மேல வரும்ல மொக்க?"

அவள் கட்டையை வரப்பில் ஓங்கி ஊன்றினாள்.

"நீயும் குடிச்சீல்ல அன்னைக்கு?"

"குடிச்சேன்."

"ஒனக்கும் காச்சல் வந்துச்சுல்ல?"

"ரெண்டு நாளு. ஒனக்கு முன்னாடியே வந்து போயிருச்சு."

"வாய்க்காக்கரையில எம்புட்டுப் பிள்ளைக இருந்துச்சு?"

"கெடந்துச்சு, எரநூறுக்கு மேல. மூணு தெருவும் வந்துருந்துச்சு."

"எரநூறுல ஒண்ணுக்குத்தாண்ணே கால் போகும். அன்னைக்கு அது நானு. ஒனக்குள்ளயும் போச்சு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குள்ளயும் போச்சு, ஒண்ணுஞ் செய்யாம வெளிய வந்துருச்சு. அது என்ன சாமியா, கணக்குப் பாத்துத் தண்டிக்க? கிருமிண்ணே! ஏழு வயசுப் பிள்ள தங்கச்சிக்குத் தண்ணி குடுத்தா அது பாசம். அதுக்கு எந்த ஊருலயும் தண்டன கெடையாது."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் கோவம் வரணும்னா இதுக்கு வரட்டும்: அன்னைக்கே சொட்டு மருந்து இருந்துச்சு. கண்டுபிடிச்சு இருவது வருசம் ஆகியிருந்துச்சு. நம்ம தெருவுக்கு வரல. எனக்குக் கெடைக்கல. இன்னைக்கு அந்தப் பொண்ணு மகிமா மருந்துப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கே வருது. நீ கதவச் சாத்துற. என்னையக் காட்டிச் சாத்துற! அதுக்கு நான் ஒத்துக்கிற மாட்டேன். எங்காலு எனக்குச் சொந்தம். எம் பேத்திக்கு எதிரா அது சாட்சி சொல்லாது."

"ஊசி போட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"அன்னைக்கு ஊருக்குள்ள கிருமி ஓடிக்கிட்டு இருந்தப்ப ஊசி போட்டாக. இன்னைக்குக் கிருமி இல்ல. இல்லாதப்பவே போட்டுக்கிறணும். வந்தப்பெறகு போட்டு என்னத்துக்கு?"

பால்பாண்டி மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தங்கை வரப்பிலிருந்து இறங்குகிறவரை முன்னால் நின்று கை கொடுத்தார். ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தார்.

7

புதன்கிழமை மத்தியானம். மூன்று முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பிடித்ததை எடுத்துக்கொள் என்று நீட்டினேன்.

முதல் முடிவு: "பால்பாண்டி தேம்பித் தேம்பி அழுதார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினார். அங்கே, தள்ளாத வயதில், ஞானசிகாமணி —"

"அண்ணன் அழுகமாட்டாரு. பீடிதான் பத்தவப்பாரு. அந்தக் கம்பவுண்டரப் போடியில நானே போயிப் பாத்துப் பேசிக்கிறேன். அது எங்களுக்குள்ள. ஒங்களுக்கு எதுக்கு?" அடித்தாள்.

இரண்டாம் முடிவு: "மொக்கம்மாள் பாப்பாவைப் பறித்துக்கொண்டு, கொட்டும் மழையில் ஸ்கூட்டரை —"

"ஒரு கையில பிள்ள, ஒரு கையில ஆக்சிலேட்டரு! நர்சம்மாகிட்டப் போயிச் சேர்றதுக்குள்ள போலீஸ் பிடிச்சிருக்கும். அதோட, பெத்தவ திரிஷா கல்லு மாதிரி இருக்கையில நான் எதுக்கு சார் பறிக்கணும்?" அடித்தாள்.

மூன்றாம் முடிவுதான் எனக்குப் பிடித்தது. கனமான முடிவு. "பால்பாண்டி மறுத்துவிட்டார். காலம் ஓடியது. ஒழிந்துபோனதாக நினைத்த நோய் எங்கிருந்தோ திரும்பி வந்தது. ஒருநாள் காலையில் பாப்பாவின் கால் —"

அவள் அந்தத் தாளை முழுக்கப் படிக்கவில்லை. கசக்கி வார்னிஷ் தட்டில் போட்டாள். அத்தனை நாளில் அன்றுதான் அவள் என்மேல் உண்மையிலேயே கோபப்பட்டாள்.

"எங்கண்ணனுக்குப் புத்தி சொல்ல எம் பேத்தி கால எடுப்பீகளா? படிக்கிறவுகளுக்குப் பாடம் வேணும்னா பச்சப்பிள்ளதான் கெடைச்சுச்சா? ஒரு கால வச்சு எங்க வீட்டுல ஓட்டுன கத போதும் சார். இனி ஒரு பிள்ள காலையும் தர்றதா இல்ல. கதைக்குக்கூடத் தர்றதா இல்ல!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது நியாயம். நாற்பது வருடமாக எழுதுகிறேன், எத்தனை பிள்ளைகளை இப்படிக் கொன்றிருக்கிறேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

8

அந்த நேரத்தில் வாசலில் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. பால்பாண்டி. பின்னால் பாப்பாவோடு திரிஷா. எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. துணை சுகாதார நிலையம் கிழக்கே இருக்கிறது, அவர்கள் வீடு மேற்கே.

திரிஷா உள்ளே வந்து பாப்பாவை மொக்கம்மாளின் மடியில் கிடத்தினாள். பாப்பா அழுது ஓய்ந்த முகமாகத்தான் தெரிந்தது. ஆனால் பசித்தாலும் பிள்ளைகள் அழும்தானே. பால்பாண்டி வாசலிலேயே நின்றார், என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பாப்பா போர்த்தியிருந்த துணியை உதைத்துத் தள்ளியது. இரண்டு காலாலும்.

என்னை அறியாமல் குனிந்தேன். தொடையில் ஒரு பொட்டுப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா, கையில் ஒரு புள்ளி தெரிகிறதா? எழுதுகிறவன் அல்லவா, முடிவு வேண்டுமே! மொக்கம்மாள் துணியை இழுத்து மூடினாள்.

"காலப் பாக்காதீக சார்" என்றாள். "எங்க வீட்டுல எல்லாரும் காலப் பாத்தது போதும்."

"முடிவு தெரியாமல் எப்படிம்மா கதையை முடிப்பது?"

"போட்டாகன்னு எழுதுனா, படிக்கிறவுக நிம்மதியா மூடி வச்சிட்டுப் போயிருவாக. போடலன்னு எழுதுனா, ஐயோ பாவம்னுட்டுப் போயிருவாக. ரெண்டுக்கும் நான் ஆளில்ல. அவுக வீட்டுலயும் ஒரு பிள்ள இருக்கும், இல்லாட்டி அடுத்த வீட்டுல இருக்கும். அதுக்கு ஒரு தடுப்பூசி அட்ட இருக்கும். அதுல எந்தக் கட்டம் காலியாக் கெடக்குன்னு போயிப் பாக்கச் சொல்லுங்க. முடிவு அதுல இருக்கு."

ஆகவே, படிக்கிறவரே, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல எனக்கு உத்தரவில்லை. பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டேன், அட்டை எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். பால்பாண்டி வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவருடைய சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட சின்ன —

[இந்த வரி அடிக்கப்பட்டது. அடித்தது நான் இல்லை.]